நான்காவது வாரம்

அவள் மூன்று மாதம் கழித்து டூட்டிக்கு வந்த அன்று காலை, வார்டு கம்ப்யூட்டர் அவளை உள்ளே விடவில்லை. 90 நாள் தொடாத கணக்கு தானாகவே பூட்டிக்கொள்ளுமாம். கம்ப்யூட்டர் பிரிவுக்குப் போன் போட்டாள். "ஏன் சிஸ்டர் இத்தனை நாளா லாகின் பண்ணல?" என்று கேட்டிருக்கிறார்கள். லீவு என்றாள். "என்ன லீவு?" அவர்களிடம் ஒரு படிவம் இருக்கிறது, அதில் காரணம் எழுத ஒரு கட்டம். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் போன் இருப்பது நர்ஸிங் ஸ்டேஷனில், அதுவும் ஷிஃப்ட் மாறுகிற நேரம், சுற்றிலும் ஆட்கள். "மெடிக்கல் லீவு" என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு வைத்தாள். எட்டு மணி மருந்தை இன்னொருத்திதான் கொடுத்தாள். இவள் டிராலியைத் தள்ளிக்கொண்டு கூடவே போனாள், முதல் நாள் வந்த மாணவி மாதிரி.

நான் அந்த வார்டின் இன்சார்ஜ். பத்தடி தள்ளி, முந்தின ஷிஃப்டிடமிருந்து நோயாளிகளின் விவரத்தை, அதாவது ஹேண்டோவர், வாங்கிக்கொண்டிருந்தேன். அவளை நல்லபடியாக வரவேற்க வேண்டும் என்று முந்தின நாளே எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லியிருந்தேன். யாரும் துருவித் துருவிக் கேட்கக் கூடாது, முகத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், அனுதாபமாகப் பார்க்கக் கூடாது என்று ஒரு குட்டிப் பிரசங்கமே செய்தேன். லாகினைத் திறந்து வைக்கச் சொல்ல வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.

இதை அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். எழுதியதை வாசித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் திருத்தினாள். அவளுடைய பெயரும் எங்கள் ஆஸ்பத்திரியின் பெயரும் இங்கே வராது.

அவளுக்கு என்ன நடந்தது என்பது அவள் கதை, அதை முழுசாகச் சொல்ல எனக்கு உரிமையில்லை. சொல்லக்கூடியது இவ்வளவுதான்: தொடர்ந்து நைட் டூட்டி, ஒருத்தி பார்க்கக்கூடிய அளவைத் தாண்டிய நோயாளிகள், ஆறாம் படுக்கையில் ஒருவர் நிலை சரிந்துகொண்டே போன ஒரு இரவு. என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். செய்ய ஆள் இல்லை, நேரம் இல்லை, கூப்பிட்ட உதவி வந்து சேரத் தாமதம். அதற்கப்புறமும் ஒரு மாதம் ஒரு நாள்கூட லீவு போடாமல் வந்தாள். பிறகு ஒரு காலை அவளால் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. மனச்சோர்வு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

செய்ய வேண்டியது எது என்று தெரிந்தும், வேலையிடத்தின் கட்டுப்பாடுகளால் அதைச் செய்ய முடியாமல் போகிற வேதனைக்கு ஆண்ட்ரூ ஜேம்டன் என்பவர் 1984-லேயே தனிப்பெயர் வைத்தார். தமிழில் அறவேதனை என்று சொல்லலாம். நர்ஸ்களை மனத்தில் வைத்தே அவர் அதை எழுதினார். அந்தச் சொல்லை முதன்முதலில் கேட்டபோது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. இத்தனை வருஷமாகப் பெயர் இருக்கிறது, அதற்கு டூட்டி சார்ட்டில் ஒரு இடம் இல்லையே என்று.

'பர்ன் அவுட்' என்கிற சொல்லும் நம் வேலையோடு ஒட்டிப் பிறந்ததுதான். நியூயார்க்கில் ஒரு இலவச கிளினிக்கில் வேலை பார்த்த உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர், தன்னையும் தன்னோடு வேலை செய்தவர்களையும் பார்த்து 1974-ல் அதைப் பற்றி எழுதினார். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் அதற்கு மூன்று அடையாளம் சொன்னது: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிப்போவது அல்லது வேலையே கசந்துபோவது, நம்மால் எதுவும் சரியாகச் செய்ய முடியவில்லை என்ற எண்ணம். கூடவே, இது நோய் அல்ல, சமாளிக்கப்படாத வேலை அழுத்தத்தின் விளைவு என்றும் தெளிவாகச் சொன்னது. மனச்சோர்வு வேறு, அது நோய், அதற்குச் சிகிச்சை உண்டு. ஆனால் இரண்டும் ஒரே ஆளிடம் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறி உட்காரும். அப்போது லீவும் மாத்திரையும் ஒரு பாதியைத்தான் சரிசெய்யும். மறுபாதி வார்டிலேயே அப்படியே காத்துக்கொண்டிருக்கும்.

இந்த மறுபாதி என் கையில் இருந்தது. எனக்கு அது புரிய ஒரு மாதம் ஆனது.

முதல் மூன்று வாரம் நான் செய்தது ஒருவகைத் தப்பு. அவளை எதிலும் படாமல் பார்த்துக்கொண்டேன். கண்ணாடிப் பாத்திரத்தைக் கையாள்வது போல. ஸ்டோர் கணக்கு, லினன் கணக்கு, டிஸ்சார்ஜ் ஃபைல், இந்த மாதிரி வேலைகள். ஆபத்தான மருந்துகளை வைக்கிற அலமாரியின் சாவி ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒருவர் கையில் இருக்கும். ரெண்டு தடவை அது அவள் கைக்கு வர வேண்டிய முறை, நான் இயல்பாக வாங்குவது போல வாங்கி என் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். அவள் எதுவும் சொல்லவில்லை. சுமையைக் குறைப்பதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் கணக்கில் அது வேறு மாதிரி. பதினோரு வருஷம் ஊசி போட்ட கையை இனிமேல் நம்ப மாட்டோம் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன், வாயைத் திறக்காமலே.

என் பயத்தையும் சொல்லிவிடுகிறேன். மனச்சோர்வில் கவனம் சிதறும், இப்போது படித்தது இப்போதே மறக்கும். மருந்துக் கணக்கில் ஒரு புள்ளி இடம் மாறினால் பத்து மடங்கு. இந்தப் பயம் நியாயமானது, நோயாளியின் பக்கமிருந்து பார்த்தால் இருக்கவே வேண்டிய பயம். அதை நான் அவளிடம் நேரில் பேசாமல் சாவியிடம் காட்டினேன், அதுதான் தப்பு. இன்சுலின், ஹெப்பாரின், பொட்டாசியம் குளோரைடு போன்றவற்றுக்கு இரண்டு பேர் தனித்தனியாகக் கணக்குப் போட்டு ஒப்பிட்டுப் பார்ப்பது பல இடங்களில் இருக்கிற நடைமுறைதான். எங்கள் வார்டில் அது ஏட்டில் இருந்தது, ஆள் இருந்தால் நடக்கும். அவளுக்காகத் தனியாக ஒரு கண்காணிப்பு வைப்பதற்குப் பதில் அதை எல்லோருக்கும், என்னையும் சேர்த்து, உண்மையாகவே அமல்படுத்தியிருந்தால் போதும். அவளுக்கும் பாதுகாப்பு, நோயாளிக்கும் பாதுகாப்பு, யார் பெயரும் தனியாக அடிபடாது. பின்னால் அப்படித்தான் செய்தோம். செய்த முதல் வாரத்திலேயே பிடிபட்ட தப்பு ஒன்று, அவளுடையது அல்ல. யாருடையது என்று சொல்ல வேண்டாம், நான் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறேன்.

நான்காவது வாரம்தான் இரண்டாவது தப்பு. இது முதல் தப்புக்கு நேர் எதிரானது.

அதற்குள் எல்லோருக்கும் பழகிவிட்டது. சிரிக்கிறாள், பேசுகிறாள், நேரத்துக்கு வருகிறாள். மேலிடத்திலிருந்து 'படிப்படியாக முழு வேலைக்கு' என்று எழுதிக் கொடுத்திருந்த தாளில் நான்கு வாரம் என்றுதான் இருந்தது. அந்த வாரம் பார்த்து இரண்டு பேர் காய்ச்சலில் விழுந்தார்கள். சார்ட்டில் ஓட்டை. நான் பென்சிலை எடுத்தேன், அவள் பெயரை அந்த ஓட்டையில் எழுதினேன். முழு ஷிஃப்ட், முழு எண்ணிக்கை நோயாளிகள், ஆறாம் படுக்கை உட்பட. அந்த எண்ணைப் பார்த்து எனக்கு எதுவுமே உறைக்கவில்லை என்பதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அவள் மறுக்கவில்லை. மறுப்பாளா? மூன்று மாதம் மற்றவர்கள் தன் டூட்டியைப் பார்த்தார்கள் என்ற கடன் தலைமேல் இருக்கும்போது யார் மறுப்பார்கள்? டூட்டி முடிந்தும் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து கேஸ் ஷீட்டுகளை மறுபடி மறுபடி சரிபார்த்தாள். "பாருங்க, எவ்வளவு பொறுப்பு" என்று மற்றவர்களிடம் நான் பெருமையாகச் சொன்னேன். வியாழக்கிழமை இரவு பதினொரு மணிக்கு வார்டுக்குப் போன் வந்தது. ஆறாம் படுக்கை ட்ரிப்பின் வேகத்தைச் சரியாக வைத்தேனா, ஒரு தடவை பார்க்க முடியுமா? பார்த்தார்கள், சரியாக இருந்தது. ஒரு மணிக்கு மறுபடி போன். மூன்று மணிக்கு மறுபடி. நைட் டூட்டியில் இருந்த பெண் காலையில் என்னிடம் இதைப் புகாராகச் சொல்லவில்லை. "அக்கா, அவங்க தூங்கவே இல்ல போல" என்றாள். அவளுக்கு வயது இருபத்து நான்கு. என்னைவிட நன்றாகப் பார்க்கத் தெரிந்திருந்தது.

அன்று மதியம் அவளை ஸ்டோர் ரூமுக்குள் கூட்டிக்கொண்டு போய்ப் பேசினேன். அங்கேதான் கதவு சாத்த முடியும். இந்த இடத்தில் அவள் அழுதாள் என்று எழுதியிருந்தேன். வாசித்துக் காட்டியபோது, "நான் அழலக்கா. நீங்கதான் அழுதீங்க" என்றாள். சரி, அப்படியே இருக்கட்டும்.

"நீங்க எல்லாரும் என்கிட்ட ரொம்ப நல்லா நடந்துக்கிட்டீங்க" என்றாள். "ஆனா யாருமே என்னைக் கேக்கல, என்னால எத்தனை பேஷன்ட் பாக்க முடியும்னு."

அன்றைக்கு அந்த அறையில் பேசியதை வைத்துத்தான் பிறகு சார்ட் போட்டேன். முதலில் எனக்கு விளங்கியது, நேரத்தைக் குறைப்பதும் வேலையைக் குறைப்பதும் ஒன்றல்ல என்பது. பன்னிரண்டு மணி நேர வேலையை எட்டு மணி நேரத்தில் செய்யச் சொன்னால் அது சலுகையே இல்லை, இன்னும் கொடுமை. எனவே நேரத்தோடு நோயாளி எண்ணிக்கையும் குறைய வேண்டும். முதல் இரண்டு வாரமாவது அவள் சார்ட்டின் கணக்கில் வராத கூடுதல் ஆளாக இருக்க வேண்டும், அதாவது அவள் திடீரென்று இல்லாமல் போனாலும் வார்டு ஓட வேண்டும். எண்ணிக்கை கூடுவது காலண்டரைப் பார்த்து அல்ல, வாரம் ஒரு தடவை அவளிடம் பேசிப் பார்த்து. சில வாரம் ஏறும், சில வாரம் அங்கேயே நிற்கும். ஒரு வாரம் ஒரு படி இறங்கினோம். அதை யாருக்கும் விளக்கவில்லை.

நைட் டூட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 'இரவு படுக்கும் முன்' என்று சீட்டில் எழுதியிருக்கும் மாத்திரையை நைட் டூட்டி பார்ப்பவர் எப்போது போடுவது? தூக்கம் வரவைக்கிற மருந்தின் மயக்கம் காலை ஷிஃப்ட் தொடங்கும்போதும் விட்டிருக்காது. இருதுருவக் கோளாறு இருப்பவருக்கு இரண்டு இரவு தூக்கம் கெட்டாலே மனநிலை எகிறிவிடும் அபாயம் உண்டு. அதற்கு மருந்தாக லித்தியம் எடுப்பவர் தண்ணீர் குடிக்காமல் முழு ஷிஃப்ட் ஓடினால் ரத்தத்தில் அதன் அளவு ஏறும். நம்மில் எத்தனை பேர் டூட்டியில் தண்ணீர் குடிக்கிறோம், நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். அந்த அளவைப் பார்க்க ரத்தம் எடுப்பதே கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து. மாறி மாறி வரும் ஷிஃப்டில் அந்தக் கணக்கே குழம்பிப்போகும். நோயாளிக்கு என்றால் இதையெல்லாம் நாமே டாக்டருக்கு எடுத்துச் சொல்வோம். கூட வேலை பார்ப்பவருக்கு என்றால் மாதத்துக்கு எட்டு நைட் எழுதிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவோம்.

என்ன மருந்து எடுக்கிறாள் என்று இன்சார்ஜுக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை. "ஆறு வாரத்துக்கு நைட் வேண்டாம்" என்று ஒரு வரி டாக்டரிடமிருந்து வந்தால் போதும். நோயின் பெயரைக் கேட்காமலே சார்ட் போட முடியும். நான் மனநல மருத்துவர் இல்லை, ஆகவும் கூடாது. நான் பார்க்க வேண்டியது வேலையை. ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்பதை அவளே சொல்ல வேண்டும், நன்றாக இருக்கும் நாளில், முன்கூட்டியே. அவள் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். டூட்டி முடிந்து அரை மணிக்கு மேல் உட்கார்ந்திருந்தால் வீட்டுக்குப் போகச் சொல்லுங்கள். வீட்டிலிருந்து வார்டுக்குப் போன் செய்தால் மறுநாள் என்னிடம் பேசுங்கள். சாப்பிடப் போகாமல் இருந்தால் கேளுங்கள். எல்லோர் முன்னாலும் "ஓகேவா?" என்று கேட்காதீர்கள். கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருந்தாள்.

உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வேலையிடத்து மனநலம் பற்றி வழிகாட்டி நெறிகள் வெளியிட்டது. லீவு முடிந்து திரும்புகிறவருக்குச் சிகிச்சையோடு சேர்த்து வேலையில் மாற்றங்களையும் யோசிக்கச் சொல்கிறது. மேற்பார்வை செய்பவர்களுக்கு இதில் பயிற்சி கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006-லேயே வேலையிடத்தில் நியாயமான மாற்றங்கள் செய்து தருவதை உரிமையாக எழுதியது. நீண்டகால மனநலப் பாதிப்பு உள்ளவர்களும் அதில் அடங்குவார்கள். எனக்குத் தெரிந்த பல இன்சார்ஜ்கள் இதைத் தங்கள் தயவு என்றே நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன். தயவு என்றால் நான்காவது வாரம் ஆள் குறையும்போது தீர்ந்துபோகும்.

சரி, மற்றவர்கள்? அவர்களைப் பற்றி எழுதாமல் விட்டால் பொய்யாகிவிடும். அவளுக்கு நோயாளிகளைக் குறைத்தால் அந்த நோயாளிகள் காற்றில் கரைவதில்லை, பக்கத்தில் இருப்பவள் கணக்கில் ஏறுவார்கள். "எங்களுக்கும்தான் மனசு சரியில்ல, நாங்களும் லீவு போடலாமா?" என்று ஒருத்தி என் முகத்துக்கு நேரே கேட்டாள். அவள் கெட்டவள் இல்லை, அசந்துபோனவள். உலகம் முழுவதும் 2023 கணக்குப்படி 58 லட்சம் நர்ஸ்கள் பற்றாக்குறை. அந்தப் பெரிய எண் ஒரு வார்டுக்குள் வரும்போது இப்படி ஒரு பெண்ணின் குரலாகத்தான் வருகிறது. நான் அவளை அடக்கப் பார்க்கவில்லை. அந்தக் கேள்வியை அப்படியே எழுதி மேட்ரனிடம் கொண்டுபோனேன்: திரும்பி வருபவர் முழு எண்ணிக்கைக்கு வரும் வரை எனக்கு இன்னொரு ஆள் வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு படுக்கையை மூடுங்கள். படுக்கையை மூடவில்லை. பாதி ஆள் கிடைத்தது, அதாவது வாரத்தில் மூன்று நாள் வேறு வார்டிலிருந்து ஒருவர். அந்தப் பாதி ஆள் வந்ததும் வார்டில் பேச்சு குறைந்தது. நான் செய்த பிரசங்கத்தால் குறையாதது.

மே 12, நர்ஸ்கள் தினம் வந்தால் நைட்டிங்கேல் படத்துக்கு மாலை போட்டு, கையில் விளக்கோடு இரவெல்லாம் நடந்தவர் என்று பேசுவோம். கிரிமியப் போரிலிருந்து திரும்பிய மறுவருஷம், 1857-ல், அவர் உடைந்து விழுந்ததையும், அதற்கப்புறம் பல வருஷம் பெரும்பாலும் அறைக்குள்ளேயே படுத்தபடி இருந்ததையும், அங்கிருந்தே எழுதிக் குவித்ததையும் மேடையில் யாரும் பேசுவதில்லை. அவருக்கு என்ன நோய் என்று இன்றும் வாதம் நடக்கிறது, அது கிடக்கட்டும். முன்பு மாதிரியே வார்டில் வந்து நில் என்று அவரை யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அந்த எழுத்தெல்லாம் வந்திருக்காது.

இதைச் சொல்லக் காரணம், அவள் எங்கள் வார்டில் நிலைக்கவில்லை. ஏழாவது மாதம் டயாலிசிஸ் பிரிவுக்கு மாற்றல் கேட்டாள். அங்கே நைட் குறைவு, வருகிற நோயாளிகள் வாரம் மூன்று முறை அதே முகங்கள், பெயர் சொல்லிக் கூப்பிடலாம். எனக்கு முதலில் தோன்றியது, நாம் தோற்றுவிட்டோம் என்பதுதான். நல்ல நர்ஸை இழக்கிறோமே என்ற சுயநலமும் அதில் இருந்தது. படுக்கையோரம் திரும்பி வந்து முன்பு போலவே ஓடினால்தான் 'திரும்பி வந்தாள்' என்று நான் கணக்கு வைத்திருந்தேன். அவள் வைத்திருந்த கணக்கு வேறு. போகும் முன் ஆறாம் படுக்கையில் இருந்தவரைத் தானே கேட்டு வாங்கி, மூன்று நாள் பார்த்து, டிஸ்சார்ஜ் செய்து அனுப்பிவிட்டுத்தான் போனாள். இதுதான் அவள் திருத்திய இரண்டாவது இடம். மூன்று நாள் என்று நான் எழுதியிருந்தேன், நான்கு நாளாம்.

அடுத்த மாதம் ஐந்தாம் தேதி இன்னொருத்தி திரும்பி வருகிறாள். லாகினைத் திறந்து வைக்கச் சொல்லி நேற்றே எழுதிக் கொடுத்துவிட்டேன், காரணம் கேட்கும் கட்டத்தில் 'இன்சார்ஜ் பொறுப்பு' என்று போட்டு. அவள் இல்லாதபோது மாறிய இன்ஃபியூஷன் பம்பை, மருந்தை அளவாக ஏற்றுகிற அந்த மெஷினைக் காட்டிக்கொடுக்க அந்த இருபத்து நான்கு வயதுப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறேன். சார்ட்டில் நான்காவது வாரத்துக்கு நேரே பென்சிலால் ஒரு வட்டம் போட்டிருக்கிறேன். எந்தப் படுக்கைகள் வேண்டாம் என்று மட்டும் அவளிடம் இன்னும் கேட்கவில்லை. இன்று சாயங்காலம் டூட்டி முடிந்ததும் போன் செய்ய வேண்டும்.